லேப்டாப் கொதிக்கிறதா, ஹேங் ஆகிறதா? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய நான்கு எண்கள்

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு தினமும் ரயிலில் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கிடைக்கும் நாளின் அருமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்தில் ரயில் ஏற வேண்டாம். திரும்பி வரும்போது நின்றுகொண்டே வர வேண்டாம். ஆனால் சரியாக அந்த நாளைப் பார்த்துத்தான் லேப்டாப் காலை வாரும். வீடியோ மீட்டிங் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கும், கீபோர்டு சுடும், எதிரில் பேசுபவரின் குரல் விட்டு விட்டு வரும். ஒரு எக்செல் ஃபைலைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். "ஃபார்மட் பண்ணிடலாம்", "போர்டு போயிடுச்சு", "பழைய மாடல் சார், புதுசு வாங்கிடுங்க". மூன்றுமே சில நேரங்களில் சரியான பதில்தான். சிக்கல் என்னவென்றால், பல கடைகளில் இந்தப் பதில் எதையும் அளந்து பார்க்காமலே வந்துவிடுகிறது. காய்ச்சல் என்று போனால் தெர்மாமீட்டர் வைக்காமல் மருந்து எழுதும் டாக்டரிடம் நாம் இரண்டாவது முறை போக மாட்டோம். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஏன் போகிறோம்?

வேகம் குறைவதற்கும் சூடாவதற்கும் திடீரென்று அணைவதற்கும் காரணங்கள் அதிகம் இல்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தனி அடையாளம் இருக்கிறது. அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் பார்க்கலாம். இந்த ஊரை உதாரணமாக எடுத்துக்கொள்ள காரணமும் உண்டு. ஸ்கெலட்டன், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் என்று தங்கவயலின் எந்தப் பகுதியை எடுத்தாலும், கம்ப்யூட்டருக்கு ஆகாத இரண்டு விஷயங்கள் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. ஷீட் கூரையின் சூடு, நைஸான தூசு.

ஒரு முன்குறிப்பு. இங்கே சொல்வது உங்கள் சொந்த கம்ப்யூட்டருக்கு, அதுவும் விண்டோஸ் போட்டதற்கு. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் மூடியைக் கழற்றாதீர்கள், எந்த சாஃப்ட்வேரையும் நீக்காதீர்கள். எண்களை மட்டும் குறித்துக்கொண்டு ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போடுங்கள். "லேப்டாப் ஸ்லோ" என்று எழுதும் டிக்கெட்டைவிட, "மீட்டிங்கில் பிராசஸர் 98 டிகிரி, வேகம் 0.9 கிகாஹெர்ட்ஸ்" என்று எழுதும் டிக்கெட் சீக்கிரம் நகரும்.

எதைத் தொடும் முன்பும் காப்பி எடுங்கள்

லேப்டாப் இன்னும் ஆன் ஆகிறது என்றால் இன்றே இதைச் செய்துவிடுங்கள். சம்பளச் சீட்டு, சான்றிதழ் ஸ்கேன், குழந்தை படம், பாதி முடித்த வேலை எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்கிலோ க்ளவுடிலோ ஏற்றிவிடுங்கள். பழுதான பார்ட்டை வாங்கிவிடலாம். போன ஃபைல் பல நேரம் போனதுதான்.

பலருக்குத் தெரியாத ஒரு கண்ணியும் இருக்கிறது. விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். நீங்கள் எதையும் அழுத்தியிருக்க மாட்டீர்கள். கடையில் மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் செட்டிங்கைத் தொட்டாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா? கடைக்குப் போகும் முன் அந்தக் கணக்கில் நுழைந்து கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் உங்கள் ஃபைலை எடுத்துத் தர முடியாது.

அந்த நான்கு எண்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போனால் மூன்று எண்கள் கிடைத்துவிடும். பிராசஸர் எந்த வேகத்தில் ஓடுகிறது, ரேம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எத்தனை சதவீதம் பிஸியாக இருக்கிறது. நான்காவது எண் பிராசஸரின் வெப்பம். டாஸ்க் மேனேஜர் அதைக் காட்டாது. 'ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ' அல்லது 'கோர் டெம்ப்' என்ற இலவச மென்பொருளில் ஒன்றை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு முறை குறிக்க வேண்டும். ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு ஒரு முறை. பிறகு எந்த வேலையின்போது தகராறு செய்கிறதோ, அதே வேலையைச் செய்துகொண்டே ஒரு முறை. சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, கடும் வேலையில் 75 முதல் 90 என்றால் லேப்டாப்புக்கு அது சாதாரணம். 95ஐத் தாண்டி நிற்கிறதென்றால் பிரச்சினை வெப்பத்தில். வெப்பம் 60இல் இருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதென்றால், ஃபேனைக் கழற்றித் துடைப்பதில் பயனில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி செலவு மிச்சமாகிறது.

சூடானால் ஏன் ஸ்லோ ஆகிறது?

இதைத் தங்கவயல்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். மேலே காற்றைக் குளிரவைத்து, ஷாஃப்ட் வழியாகக் கீழே தள்ளி, சூடான காற்றை வேறு வழியாக வெளியே இழுத்தால்தான் மனிதர் அங்கே வேலை செய்ய முடியும். காற்றோட்டம் குறைந்தால் வேலை குறையும். தாத்தா வேலை செய்த இடத்துக்குப் பொருந்திய கணக்கு, பேரன் மடியில் வைத்திருக்கும் லேப்டாப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிராசஸர் ஒரு சின்ன சில்லு. அதில் உண்டாகும் சூட்டைத் தாமிரக் குழாய் ஒன்று ஓரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே சீப்புப் பல் மாதிரி மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். ஃபேன் கீழிருந்து காற்றை இழுத்து அந்தத் தகடுகள் வழியாக வெளியே ஊதும். இன்டெல்லின் பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களுக்கு எல்லைக்கோடு 100 டிகிரி அளவில் இருக்கிறது. ஏ.எம்.டி.யில் சில மாடல்களுக்கு 95. அந்தக் கோட்டைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதவில்லை என்றால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரில் 'பேஸ் ஸ்பீட்' என்று ஒரு எண் இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப் கடும் வேலையில் அந்த எண்ணுக்கு மேலே ஓடும். உங்களுடையது அதே நேரத்தில் 1.2க்கோ 0.8க்கோ இறங்குகிறது, வெப்பம் 95க்கு மேல் இருக்கிறது என்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். வெப்பம் குறைவாக இருந்தும் வேகம் 0.8இலேயே நிற்கிறதா? சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டாப்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத சார்ஜரையோ, வாட்ஸ் குறைந்த சார்ஜரையோ செருகினால் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். மாற்று சார்ஜர் வாங்கிய நாளிலிருந்து ஸ்லோ என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

அறையின் சூடு இதில் நேராகச் சேரும். அறை 26 டிகிரியில் இருக்கும்போது 85இல் ஓடும் பிராசஸர், ஷீட் கூரைக்குக் கீழே மத்தியானம் 37 டிகிரி இருந்தால் கிட்டத்தட்ட 96க்குப் போய்விடும். வெளியே தள்ள வேண்டிய சூடு அதேதான், உள்ளே வரும் காற்று 11 டிகிரி கூடுதல். காலையில் நன்றாக ஓடும் லேப்டாப் மதியம் இரண்டு மணிக்குத் திணறுவதன் ரகசியம் இது. அதை ஃபார்மட் செய்து சரிசெய்ய முடியாது.

அப்புறம் தூசு. தங்கவயலில் சயனைடு மேடுகளைப் பார்க்காமல் வளர்ந்தவர் இருக்க மாட்டார். தங்கம் எடுப்பதற்காகப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு அது. 2024 ஜூனில் இந்த மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது சொல்லப்பட்ட கணக்கு, 13 மேடுகள், சுமார் 1,003 ஏக்கர். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு வீட்டுக்குள் வந்து ஜன்னல் கம்பியில் படிவதை நீங்களே துடைத்திருப்பீர்கள். (கம்ப்யூட்டர் இழுக்கும் அதே காற்றைத்தான் நீங்களும் இழுக்கிறீர்கள். அந்தக் கவலை கம்ப்யூட்டரைவிடப் பெரியது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

தூசு ஃபேன் இறக்கையில் படிவது பெரிய விஷயமில்லை. துணி நார், தலைமுடி, மாவுத் தூசு மூன்றும் சேர்ந்து, ஃபேனுக்கும் அந்த உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், சத்தம் பலமாக வரும், ஆனால் காற்று வெளிவரும் ஓட்டையில் கை வைத்தால் ஒன்றுமே வராது. ஃபேன் இரைகிறது, ஆனால் காற்று வரவில்லை. அடைப்பைக் கண்டுபிடிக்க வீட்டில் இதைவிட எளிய சோதனை கிடையாது.

லேப்டாப்பைச் சுத்தம் செய்வது எப்படி?

டெஸ்க்டாப் என்றால் பக்கவாட்டு மூடியில் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூதான். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டை வாசலுக்குக் கொண்டுபோய் மின் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தில் அது தன் அளவுக்கு மேல் சுற்றினால் பேரிங் கெட்டுப்போகும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

லேப்டாப்புக்குப் பொறுமை வேண்டும். அடி மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிரித்து, அந்தக் கம்பளிப் படலத்தைக் குச்சியால் எடுத்து, பிறகு ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். வாக்குவம் கிளீனர் நுனியில் ஸ்டாட்டிக் மின்சாரம் உண்டாகும், வேண்டாம். மூடியைக் கழற்றத் தைரியம் இல்லையென்றால், அல்லது வாரன்டி இன்னும் இருக்கிறதென்றால், கடையில் கொடுத்து "கிளீனிங், தெர்மல் பேஸ்ட்" என்று மட்டும் சொல்லுங்கள். தெர்மல் பேஸ்ட் என்பது பிராசஸருக்கும் தாமிரத் தட்டுக்கும் நடுவில் பூசும் பசை. சில வருடங்களில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு சூடு சரியாகக் கடத்தப்படாது. வேலை முடிந்து வாங்கும்போது அதே மென்பொருளைத் திறந்து, அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். முன்பு 98, இப்போது 80 என்றால் வேலை நடந்திருக்கிறது. இன்னும் 97 என்றால் மேலே மட்டும் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மெத்தை மேலும் தலையணை மேலும் லேப்டாப்பை வைப்பதை நிறுத்துங்கள். காற்று உள்ளே போகும் ஓட்டைகள் அடியில் இருக்கின்றன. பின்பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்து ஒரு விரல் உயரம் தூக்கினாலே சில டிகிரி இறங்கும். விலை உயர்ந்த கூலிங் பேட் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். இன்னொரு தற்காலிக உபாயமும் உண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 100இலிருந்து 99 ஆக்கினால், பிராசஸர் தன் கூடுதல் வேகத்துக்குத் தாவாது. பிரவுசர், மீட்டிங், எக்செல் வேலைக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, சூடு மட்டும் நன்றாகவே குறையும். எல்லா லேப்டாப்பிலும் இந்த வசதி கண்ணில் படாது. இருந்தால் கோடையைத் தாண்ட உதவும்.

வெப்பம் சரி, டிஸ்க் 100 சதவீதம். என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, விண்டோஸ் அதில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். பழைய லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும், அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வருவதற்குக் காத்திருப்பதிலேயே நேரம் போகிறது. இப்படி நொடிக்கு நூறு சின்ன ஃபைல்களைப் படிப்பதே அதற்குப் பெரிய காரியம். விண்டோஸ் ஆன் ஆகும்போது கேட்பதோ பல்லாயிரம் சின்னத் துண்டுகள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஒரு துண்டு எடுக்க ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஏழெட்டு வருடம் பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு பார்ட்டை மாற்றப் பணம் இருக்கிறதென்றால், யோசிக்கவே வேண்டாம், எஸ்.எஸ்.டி. போடுங்கள். இரண்டரை இன்ச் சாட்டா வகையா, எம்.2 வகையா என்று உங்கள் மாடலைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதற்குக் க்ளோன் செய்து தரச் சொல்லலாம்.

ஆனால் முதலில் அந்த டிஸ்க் சாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையை நிறத்தில் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடினாலும் அன்றே காப்பி எடுக்க வேண்டும். உள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதென்றால் மென்பொருளே வேண்டாம், அணைத்துவிட்டு ஃபைல் மீட்பதைப் பற்றி மட்டும் யோசியுங்கள். அந்த நிலையில் ஃபார்மட் செய்வது, இருப்பதையும் அழிப்பது.

ரேமும், திருட்டுச் சுரங்கமும்

4 ஜி.பி. ரேமில் விண்டோஸ் 11 ஓடும் என்று விதிமுறை சொல்கிறது. ஓடும், உங்களை ஓட விடாது. பத்து டேப் திறந்த பிரவுசரும் ஒரு மீட்டிங்கும் சேர்ந்தால் ரேம் நிரம்பி, மிச்சத்தை டிஸ்கில் எழுத ஆரம்பிக்கும். அப்போது டிஸ்கும் 100 சதவீதம் காட்டும். அதனால் டிஸ்கைக் குறை சொல்லும் முன் ரேம் எண்ணையும் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் 8 ஜி.பி.யாவது வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. 2025இன் கடைசியிலிருந்து ரேம் விலையும் ஏறிவிட்டது, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. முதலில் தேவையில்லாததை அணையுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாகத் திறக்கும் மென்பொருட்களின் வரிசை இருக்கும். அன்றாடம் வேண்டாதவற்றை டிசேபிள் செய்தால் போதும், நீக்க வேண்டாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இதையும் பாருங்கள்: டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' என்ற எண். தினமும் ராத்திரி 'ஷட் டவுன்' செய்பவருக்கும் அது பதினைந்து நாள் என்று காட்டலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி, ஷட் டவுனின்போது விண்டோஸின் உள்பகுதியை அப்படியே உறையவைத்து, மறுநாள் அதையே எழுப்புகிறது. பழைய சிக்கலும் சேர்ந்தே எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' மட்டும்தான் முழுதாகப் புதிதாக்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். வீட்டில் அம்மா "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று சொல்வது சரி, பொத்தான் மட்டும் வேறு.

ஒன்றுமே திறக்காமல் பிராசஸர் 80, 90 சதவீதம் காட்டுகிறதா? அப்டேட்டோ ஆன்டிவைரஸ் ஸ்கேனோ ஓடினால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், நீங்கள் கிராக் செய்த சாஃப்ட்வேரோ இலவச 'ஆக்டிவேட்டரோ' போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கிரிப்டோ மைனர், உங்கள் கரண்டில் யாருக்கோ நாணயம் தோண்டும். தங்கவயலில் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள், உங்கள் லேப்டாப்பில் இன்னொருவர் திறந்திருக்கிறார். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட்டுங்கள்.

திடீரென்று அணைந்தால்?

நீலத்திரை வந்து அணைவதும், எதுவும் சொல்லாமல் பட்டென்று அணைவதும் வேறு வேறு. சத்தமில்லாமல் அணைந்தால் வெப்பம், பேட்டரி, பவர் சப்ளை, வீட்டு மின்சாரம் இவற்றில் ஒன்று. நீலத்திரை என்றால் டிரைவர், ரேம் அல்லது டிஸ்க். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடுங்கள். எண்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு விண்டோஸில் ரொம்பப் பிடித்த பக்கம் அது. தேதி வாரியாக எந்த நாள் எது விழுந்தது என்று வரைபடமே போட்டு வைத்திருக்கும். சிவப்பு வட்டங்கள் தொடங்கிய தேதிக்கு முந்தின நாள் என்ன மாற்றினீர்கள் என்று பார்த்தால், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

காவிரியில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902இலேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய குடியிருப்புகளின் உள்வயரிங் அந்தப் பெருமைக்கு ஈடாக இல்லாமல் இருக்கலாம். கேபினெட்டையோ லேப்டாப் உலோகத்தையோ தொட்டால் 'சுர்' என்று விரலில் ஏறுகிறதென்றால், அந்த பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். அதற்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத பாயின்ட்டில் யு.பி.எஸ். மாட்டினாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துச் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகாமல் 'பீப்' மட்டும் அடித்தால், மெக்கானிக் செய்யும் முதல் வேலை ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவது. கேலியாகத் தெரியலாம், பல நேரம் வேலை செய்கிறது. தேதி பழைய வருடத்துக்குப் போய், எல்லா இணையதளமும் 'பாதுகாப்பற்றது' என்று சொன்னால், மதர்போர்டில் இருக்கும் வட்டமான சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரத்துக்கு வாங்குவது போல வாங்கி மாற்றலாம்.

எப்போதோ ஒரு முறை, காரணமே இல்லாமல் ஒரு கோளாறு வந்து போனால் விட்டுவிடுங்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் துகள் ஒன்று நினைவகத்தில் ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கிவிடக்கூடும். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் பகுதித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்ததற்கு அப்படி ஒரு துகள்தான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அந்தக் கதிர்களின் இரைச்சலிலிருந்து ஒதுங்கத்தான், 1960களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்துக்குப் போய் நியூட்ரினோவைத் தேடினார்கள், 1965இல் கண்டும் பிடித்தார்கள்.

இதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறது, மூடி முழுதாக மூடவில்லை, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி ஓட்டையானால் தீப்பிடிக்கும். பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும் லேப்டாப்கள் உண்டு, அதைக் கடையில் பாதுகாப்பாகக் கழற்றச் சொல்லுங்கள். குப்பை வண்டியில் போடக்கூடாது. 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன.

இன்னொரு வகை ஆபத்து திரையில் வரும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று முழுத்திரையில் சைரன் அடிக்கும். மைக்ரோசாஃப்ட் அப்படி போன் நம்பர் காட்டுவதே இல்லை. அழைத்தால் ரிமோட் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்வார்கள், அடுத்தது உங்கள் வங்கிக் கணக்கு. இந்த வகை மோசடிகளில் மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில், 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. திரை மூடவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

எப்போது புதுசு வாங்கலாம்?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. மறுநாளே கம்ப்யூட்டர் நின்றுவிடாது, பாதுகாப்பு அப்டேட்தான் வராது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அப்டேட் பெறும் வழி அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்குகளை பேக்கப் செய்தால் அதற்குக் கட்டணம் இல்லை. விண்டோஸ் 11க்குப் போக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். உங்களிடம் ஏழாவது தலைமுறை இருந்து, வேலையெல்லாம் பிரவுசரில்தான் என்றால், எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவிப் பாருங்கள். பழைய இயந்திரத்துக்கு இன்னும் சில வருடம் கிடைக்கும். ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ் 11 கட்டாயம், மதர்போர்டும் போய்விட்டது, ரேமும் கூட்ட முடியாது என்றால் அதில் பணம் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

எது செய்தாலும், டிஸ்கை மாற்றியிருந்தால் பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அதில் உங்கள் ஆதார் நகலும், பேங்க் ஸ்டேட்மென்ட்டும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன. 'டெலிட்' கொடுத்திருந்தாலும் மீட்டெடுக்க முடியும். நன்றாக இருக்கும் டிஸ்க் என்றால் ஒரு யு.எஸ்.பி. உறை வாங்கி மாட்டினால் அதுவே உங்கள் பேக்கப் டிஸ்க். மஞ்சள் காட்டிய டிஸ்க் என்றால் பத்திரமாக எடுத்துவந்து, தட்டில் ஓட்டை போட்ட பிறகு இ-வேஸ்ட் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.